அச்சேறுமுன் படிப்பவர்

1951 செப்டம்பர் 6 அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தமிழ் நாளேடு வெளிவரத் தொடங்கியது. பெயர் தினமலர். நிறுவியவர் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தைச் சேர்ந்த டி.வி. இராமசுப்பையர். அன்று நாகர்கோவிலும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள் இருந்தன. தெற்கே தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்துக்கொண்டிருந்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. மறு ஆண்டு ஏடும் திருநெல்வேலிக்கு இடம் மாறியது.

ஒரு மலையாளத் தலைநகரில் ஆறாண்டுக் காலம் தமிழ் நாளேடு அச்சாகியிருக்கிறது. எல்லைப் போராட்ட வரலாற்றின் ஒரு பக்கமாகவே இதைப் பலரும் எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் அச்சு மொழியின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் குடியிருந்த தமிழர்கள் தெருவில் கேட்டது மலையாளம்; அலுவலகத்தில் மலையாளமும் ஆங்கிலமும்; வீட்டில் பேச்சுத் தமிழ், அதிலும் பாதி மலையாளம் கலந்தது. பல வீடுகளில் எழுத்துத் தமிழ் நாள் தவறாமல் வாசற்படி ஏறி வந்தது நாளேட்டின் வழியாகத்தான். தமிழ் சூழ்ந்த ஊரில் ஏட்டில் ஒரு சொல் பிழையாக வந்தால் அதைச் சரிசெய்துகொள்ளப் பல வழிகள் உண்டு. கடைப்பலகை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, அடுத்த வீட்டு வாத்தியார் இருக்கிறார். எல்லையோரத்திலும் அயலூரிலும் வாழ்கிறவருக்கு ஏட்டில் வந்ததே இலக்கணம். அச்சில் விழுந்த பிழை அங்கே நாளடைவில் வழக்காகிவிடுகிறது. பிழை திருத்தும் வேலையைப் பற்றி யோசிக்கத் திருவனந்தபுரம் ஏற்ற ஊர் என்று நான் எண்ணுவது இதனால்தான்.

இந்த ஊருக்கு அந்த வேலையில் நெடுநாள் பழக்கமும் உண்டு. அச்சுக்கு முன்பே, ஓலையிலேயே அது தொடங்கிவிட்டது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களும், காரியவட்டத்துக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அடுக்கியிருக்கும் பல்லாயிரம் சுவடிக் கட்டுகளும் அந்தக் காலத்தின் மிச்சங்கள். ஏடெழுதியவர்கள் கடைசி ஓலையில் பிழை பொறுத்தருளும்படி படிப்பவரை வேண்டிக்கொள்ளும் மரபு தமிழில் உண்டு. பணிவுக்காக மட்டும் எழுதியதல்ல அது. பார்த்து எழுதும்போது கண் ஒரு வரியிலிருந்து அதே சொல் வரும் இன்னொரு வரிக்குத் தாவும். கை ஒரே சீரை இரண்டு தடவை எழுதும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே உருவில் நின்றன. எழுதியவன் விட்டதைப் படிப்பவன் நிரப்ப வேண்டியிருந்தது. எழுதியவனைத் தவிர இன்னொரு கண் வேண்டும் என்பதை நம் முன்னோர் ஓலைக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள்.

தமிழ் எழுத்து அச்சேறிய கதையின் தொடக்கமும் இங்கிருந்து தொலைவில் இல்லை. வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கும் கொல்லத்தில் 1578 அக்டோபர் 20-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் மொழிபெயர்த்த 16 பக்கச் சிறுநூல். கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்துகளையும் கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்துகளையும் அதன் கடைசிப் பக்கத்தில் சேர்த்தே காட்டியிருக்கிறார்கள். ஒரு முறை வார்த்ததோடு விடாமல் மறுபடியும் வார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் புத்தகமே சான்று. பிறகு நெடிய இடைவெளி. தெற்கே நாகர்கோவிலில் 1820-இல் சார்லஸ் மீட் லண்டன் மிஷன் அச்சகத்தை நிறுவினார். மறு ஆண்டு வடக்கே கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லியின் அச்சகம் வந்தது. திருவிதாங்கூரில் அச்சு நிலைகொண்டது அப்போதுதான்.

அச்சு வந்ததும் பிழையின் இயல்பே மாறிப்போனது. ஓலையில் ஒருவர் செய்த பிழை அந்த ஓலையோடும், அதைப் பார்த்து எழுதியவரோடும் நிற்கும். அச்சில் செய்த பிழை ஒரே நாளில் ஆயிரம் வீட்டுக்குப் போகும், அதுவும் சரியானது என்ற முத்திரையோடு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தபோது இதை நன்றாக உணர்ந்திருந்தார். 'நாவலர் பதிப்பு' என்றால் பிழை இராது என்ற நம்பிக்கை அவர் காலத்திலேயே ஏற்பட்டு இன்றுவரை நிற்கிறது. உ.வே. சாமிநாதையருக்குக் கும்பகோணம் கல்லூரியில் வேலை. சீவக சிந்தாமணி அச்சானதோ சென்னையில். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சென்னைக்குப் போய்ப் புரூஃப் பார்த்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. அவருடைய ஏடு தேடும் பயணங்களைக் கதை கதையாகச் சொல்கிறோம். அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்த நாள்களை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஏடு தேடியலைந்த உழைப்பு புரூஃப் மேசையில் கோட்டை விட்டிருந்தால் வீணாகியிருக்கும்.

திருவனந்தபுரத்திலும் அந்த வரிசையில் மூவர் உண்டு. மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை ஒருவர். 'மனோன்மணீயம்' 1891-இல் வெளிவந்தது. திருவிதாங்கூரின் பழைய அரசர்களின் காலத்தைக் கல்வெட்டுகளைப் படித்து வரையறுத்தவரும் அவரே. கல்லில் தேய்ந்த ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் ஓர் அரசனின் காலமே மாறிவிடும் என்ற எச்சரிக்கையோடு வேலை செய்தவர். த. கணபதி சாஸ்திரி இன்னொருவர். பத்மநாபபுரத்துக்கு அருகே கிடைத்த மலையாள லிபிச் சுவடிகளிலிருந்து பாசனுடையவை என்று அவர் கண்ட நாடகங்களை 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் பதிப்பித்தார். மூன்றாமவர் எஸ். வையாபுரிப் பிள்ளை.

வையாபுரிப் பிள்ளை இங்கே வக்கீலாக இருந்தார். கோர்ட்டுக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரம் சுவடிகளோடு கழிந்தது. மனோன்மணீயத்தை 1922-இல் பதிப்பித்தார். 1926-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆனார்; 1936-இல் அது நிறைவுற்றபோது அதில் 1,04,405 சொற்கள் இருந்தன. அந்த அகராதியின் எந்தப் பக்கத்தையாவது ஒரு புரூஃப் ரீடரின் கண்ணால் பாருங்கள். தமிழ்ச் சொல், ரோமன் எழுத்தில் அதன் ஒலிப்பு, மேலும் கீழும் குறிகளோடு, சொல்லின் இலக்கண வகை, ஆங்கிலத்தில் பொருள், தமிழில் பொருள், மேற்கோள், மேற்கோள் நூலின் சுருக்கப் பெயர், பாட்டெண். ஒரு பதிவில் இத்தனையும். எண் ஒன்று தவறினால் மேற்கோளைத் தேடிப் போகிறவர் வேறு பாட்டில் போய் நிற்பார். இதை ஈயஎழுத்தில் கோர்த்து, பல முறை படியெடுத்து, பல முறை திருத்தியிருக்கிறார்கள். முகவுரையில் பெயர் வந்தவர்கள் சிலர். பெயர் வராமல் கண்ணைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். வையாபுரிப் பிள்ளை பின்னர் 1950-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக இதே ஊருக்குத் திரும்பினார். தினமலர் இங்கே அச்சாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை.

பதிப்பாசிரியருக்கு இருந்த வசதி நாளேட்டுக்காரருக்குக் கிடையாது. பேரகராதி முடிய ஆண்டுகள் ஆயின. ஏடு விடிவதற்குள் முடிந்தாக வேண்டும். அதே சமயம் நாளேட்டுப் பிழையால் நேரும் கேடு சில நேரம் புத்தகப் பிழையைவிடக் கடுமையானது. இதை எண்ணிப் பார்க்க வைக்கும் ஒரு நிகழ்ச்சி திருவனந்தபுரத்து இதழியல் வரலாற்றில் இருக்கிறது. வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-இல் தொடங்கிய 'சுதேசாபிமானி' 1907-இல் திருவனந்தபுரத்துக்கு வந்தது. அதன் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை, திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கண்டித்து எழுதிக்கொண்டே இருந்தார். 1910 செப்டம்பர் 26-இல் அச்சகத்துக்கு முத்திரை வைத்தார்கள். ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தினார்கள். நாடு திரும்பாமலே 1916-இல் கண்ணூரில் இறந்தார். அதிகாரத்தை எதிர்த்து எழுதும் ஏட்டை அதிகாரம் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும். தொகை ஒன்று தப்பாக வந்தால், தேதி மாறி வந்தால், பெயரில் ஓர் எழுத்து பிசகினால், சொன்ன உண்மை முழுவதையும் பொய் என்று தள்ளிவிட அதுவே போதும். துணிச்சலான ஏட்டுக்குத்தான் பிழை திருத்துபவர் அதிகம் தேவை. ராமகிருஷ்ண பிள்ளை 1912-இல், நாடு கடத்தப்பட்ட நிலையில், பத்திரிகைத் தொழில் பற்றி மலையாளத்தின் முதல் நூலை எழுதினார். தண்டனை பெற்ற ஆசிரியர் எழுத உட்கார்ந்தது தொழிலின் முறைகளைப் பற்றி. இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் அவர் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஈயஎழுத்துக் காலத்து நாளேட்டு அலுவலகத்தில் புரூஃப் பகுதி எப்படி நடந்தது என்பதை இன்றைய இளம் செய்தியாளர்கள் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பாசிட்டர் கேஸிலிருந்து எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் அடுக்குவார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். அடுக்கியது கேலியில் ஏறும். மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தால் கேலி புரூஃப். அது புரூஃப் மேசைக்கு வரும். அங்கே இருவர். காப்பி ஹோல்டர் மூலப்படியை உரக்கப் படிப்பார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி பிரிவு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். புரூஃப் ரீடர் அச்சுப்படியைப் பார்த்து ஓரத்தில் குறியிடுவார். நீக்கு, சேர், இடம் மாற்று, சொற்களைப் பிரி, எழுத்தைத் திருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. திருத்திய தாள் கம்பாசிட்டரிடம் திரும்பும். இரண்டாம் புரூஃப் வரும். அதன்பின் பக்கம் கட்டி ஃபாரம் பூட்டிய பிறகு பக்கப் புரூஃப். ஒரு பிழையைத் திருத்தப் போய் அதே வரியில் இன்னொரு பிழை நுழைவது அடிக்கடி நடக்கும் என்பதால் மூன்றாம் பார்வையை யாரும் தவிர்ப்பதில்லை. புரூஃப் ரீடர் கையெழுத்திடாத பக்கம் மெஷினுக்குப் போகாது.

இந்த முறையின் வலிமை இரண்டு பேரில் இருந்தது. எழுதியவருக்குத் தான் எழுத நினைத்தது மனத்தில் இருக்கும். தாளில் இல்லாததையும் அவர் படித்துவிடுவார். அடுத்தவர் தாளில் இருப்பதை மட்டுமே படிப்பார். வாய்விட்டுப் படித்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது. ரகர றகரமும் லகர ளகர ழகரமும் னகர ணகரமும் காதில் விழுந்தன. பனியும் பணியும், அரமும் அறமும், களையும் கழையும் தனித்தனியே ஒலித்தன. வேகமாகப் பார்க்கும் கண் கூட்டிப் படித்துத் தாண்டிவிடும் இடங்களைக் காது தாண்டவிடவில்லை.

அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் யார்? தமிழ் வித்துவான் தேர்வு எழுதியவர்கள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையோடு வந்து கிடைத்த வேலையில் சேர்ந்தவர்கள். ஜெயகாந்தன் போன்றவர்கள் அச்சுக்கூட வேலைகளில் தொடங்கித்தான் எழுத்துக்கு வந்தார்கள். சம்பளம் குறைவு. மங்கிய விளக்கு. இரவு வேலை. செய்தி நன்றாக வந்தால் செய்தியாளருக்குப் பாராட்டு. பிழை வந்தால் புரூஃப் பகுதிக்கு மெமோ. ஒரு நாள் ஏடு முழுதும் பிழையின்றி வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளமே இல்லாத வேலை அது. அதனால்தான் அதை எடுத்துவிடலாம் என்று நினைப்பது நிர்வாகங்களுக்கு எளிதாக இருந்தது.

சட்டம் அப்படி நினைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-இல் வந்தபோது, பத்திரிகையாளர் யார் என்ற வரையறையில் ஆசிரியர், தலையங்க எழுத்தாளர், செய்தி ஆசிரியர், துணை ஆசிரியர், செய்தியாளர், கேலிச்சித்திரக்காரர், செய்திப் புகைப்படக்காரர் ஆகியோரோடு புரூஃப் ரீடரையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். அச்சுக்கூடத் தொழிலாளி என்று ஒதுக்காமல் பத்திரிகையாளர் என்றே மதித்தார்கள். பணிப் பாதுகாப்பு குறித்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த வரையறை தொடர்கிறது. புரூஃப் ரீடர் அதில் இன்னும் இருக்கிறார். பல அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்குரிய நாற்காலிதான் இல்லை.

நாற்காலி போனது ஒரே நாளில் அல்ல. முதலில் எழுத்தே மாறியது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஏற்றபடி மலையாள எழுத்தைச் சுருக்க வேண்டும் என்று சூரநாடு குஞ்ஞன் பிள்ளை தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 1971 விஷு நாளில் கேரள அரசு அதை நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாடு 1978 அக்டோபரில் பெரியார் வழி எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. திருவனந்தபுரத்தில் இரு மொழியும் படித்த ஒருவர் ஏழெட்டு ஆண்டுக்குள் இரண்டு எழுத்து மாற்றங்களைப் பார்த்துவிட்டார். அந்த மாற்றங்கள் தடுமாற்றமின்றி நிலைபெற்றதில் பெரும் பங்கு புரூஃப் மேசைக்கு உண்டு. பழைய லையும் புதிய லையும் ஒரே பக்கத்தில் கலந்து நிற்காமல் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அதன்பின் ஒளியச்சுக் கோர்வையும் ஆஃப்செட்டும் வந்தன. 1990-களில் கணினி மேசைதோறும் வந்தது. செய்தியாளரே தட்டச்சு செய்தார். துணை ஆசிரியர் திரையிலேயே திருத்தினார். பக்கமும் திரையிலேயே கட்டப்பட்டது. மூலப்படி, அச்சுப்படி என்று இரண்டு இல்லாமல் போனதால் ஒப்பிட்டுப் படிக்க எதுவும் இல்லை என்றார்கள். கேட்க நியாயமாக இருந்தது. கம்பாசிட்டர் செய்யும் பிழை உண்மையில் ஒழிந்தது. ஆனால் புரூஃப் ரீடர் கம்பாசிட்டரின் பிழையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. செய்தியாளரின் பிழையையும் துணை ஆசிரியரின் பிழையையும் சேர்த்தே பார்த்தார். தலைப்பில் ஐந்து பேர், செய்தியில் நான்கு பேர் என்றால் அவர்தான் எழுந்து போய்க் கேட்டார். எல்லாரும் பார்ப்பார்கள் என்று விட்ட பிறகு, பார்ப்பது யார் பொறுப்பு என்று சுட்ட ஆள் இல்லாமல் போனது.

விளைவை ஊர்ப்பெயர்களில் பாருங்கள். நெய்யாற்றின்கரை, ஆற்றிங்கல், ஆற்றுகால்: மலையாளத்திலும் தமிழிலும் ஆறு தெளிவாக ஓடும் பெயர்கள். செய்தி நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்தியைப் பார்த்துத் தமிழில் எழுதும்போது இவை நெய்யாட்டின்கராவாகவும் ஆட்டிங்கலாகவும் அட்டுக்கலாகவும் வந்துவிடுகின்றன. வழுதக்காடும் தைக்காடும் காட்டை இழக்கின்றன. திருவனந்தபுரம் தமிழ்ப் பிள்ளைக்குத் தன் ஊரின் பெயரே ஏட்டில் அந்நியமாகத் தெரியும். ஆள்பெயர்களின் நிலை இதைவிட மோசம். விபத்தில் இறந்தவரின் பெயரும், தேர்வில் வென்ற மாணவியின் பெயரும் ஒரு குடும்பம் கத்தரித்து எடுத்து வைக்கும் செய்திகள். அந்தக் குடும்பத்துக்கு அந்த ஏட்டில் முக்கியமானது அந்த ஒரே சொல்தான்.

நாளேட்டுக்கு வெளியேயும் இதே கதை. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு வந்தது. ஒரு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் அந்த ஆணையை ரத்து செய்தது. மதிப்பெண் தருவது சரியா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. எனக்குரிய கேள்வி வேறு. மருத்துவக் கல்லூரிக் கனவோடு 24,000-க்கும் மேற்பட்டோர் தமிழில் எழுதிய தேர்வு அது. அந்தத் தாளை, மூலத்தை ஒருவர் வாசிக்க, தமிழை இன்னொருவர் பார்க்க, அந்தப் பழைய முறையில் ஒரே ஒரு பகல் படித்திருந்தால் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்திருக்குமா? கேரளத்திலும் இதே கேள்வி எழுகிறது. இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. வரும் பதிலின் தமிழ் புரியாவிட்டால் அந்த உரிமை தாளோடு நின்றுவிடும்.

2024 அக்டோபரில் சென்னைத் தூர்தர்ஷன் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப்பட்டபோது ஓர் அடி விடுபட்டது. அரசியல் புயல் கிளம்பியது. தூர்தர்ஷன் மன்னிப்புக் கோரியது. சுந்தரம் பிள்ளை இந்த ஊரில் இருந்து எழுதிய பாட்டு அது. அடி விடுபடுதல் ஓலை எழுதியவர் காலத்திலிருந்து வரும் மிகப் பழைய பிழை. பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் பாட்டின் படியோடு ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது.

மலையாளிகள் இந்த விஷயத்தில் ஒன்றை நமக்கு முன்பே செய்தார்கள். திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் மலையாளப் பேராசிரியராக இருந்த பன்மன ராமச்சந்திரன் நாயர், பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் பேச்சிலும் மலிந்த பிழைகளை எடுத்துக்காட்டி, எது சரி, ஏன் சரி என்று பொதுவாசகருக்காக நூல் நூலாக எழுதினார். 'தெற்றில்லாத்த மலையாளம்' அவற்றில் பெயர் பெற்றது. 2018-இல் மறைந்தார். அவரைக் கண்டிப்பான வாத்தியார் என்று சிலர் சலித்துக்கொண்டதுண்டு. வழக்கில் வந்துவிட்ட சொல்லை எதற்கு இழுத்துப்பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. மொழி மாறும், மாறத்தான் வேண்டும் என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் மக்கள் பேசிப் பேசி மாற்றுவது வேறு. பார்க்க ஆளில்லாமல் நேர்ந்த பிழை ஏட்டின் பலத்தால் ஊரெல்லாம் பரவுவது வேறு. பேராசிரியர் எதிர்த்தது இரண்டாவதை.

இந்த வேலையைக் கணினியே பார்க்கும் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சில பிழைகளில் இயந்திரத்தின் உதவி மனிதனுக்குக் கட்டாயம் வேண்டும். ஒருங்குறியில் எகர எழுத்தும் தமிழ் எண் ஏழும் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கும். உள்ளே அவற்றின் குறியெண் வேறு. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகச் சேர்த்து அடித்தாலும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அச்சில் இது பிழையே இல்லை. இணையத்தில் அந்தச் செய்தி தேடலில் அகப்படாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய ஆவணங்களில் இத்தகையவை ஏராளம். எந்தக் கண்ணாலும் இவற்றைப் பிடிக்க முடியாது, சிறு நிரல் பிடித்துவிடும்.

ஆனால் ஒரு தமிழ் வினையடி திணை, பால், எண், இடம், காலம், எதிர்மறை, எச்சம் என்று பல நூறு உருவம் எடுக்கும். சொற்பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்கும் கருவி அதில் திணறும். விலை என்று வர வேண்டிய இடத்தில் விளை என்று வந்தால் இரண்டும் நல்ல சொற்கள் என்று விட்டுவிடும். இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வேறு வகைச் சிக்கலைக் கொண்டுவருகின்றன. அவை எழுதும் வாக்கியத்தில் ஒற்றுப்பிழைகூட இராது. ஆண்டு தவறாக இருக்கும், அல்லது நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும். முன்பெல்லாம் எழுத்துப் பிழை மலிந்த செய்தியைப் பார்த்தால் தகவலையும் சந்தேகிப்போம். அழகாக எழுதப்பட்ட பொய்யில் அந்த எச்சரிக்கை மணி கிடையாது. ஆகவே புரூஃப் மேசை இன்று திரும்பி வந்தால் அதன் வேலை முன்னைவிடக் கடினமானது. எழுத்தைப் பார்ப்பதோடு, இந்த ஊர் இருக்கிறதா, இந்த ஆண்டு சரியா, கூட்டல் பொருந்துகிறதா என்றும் கேட்க வேண்டும்.

வெளிநாட்டிலும் படிதிருத்தும் பகுதியைக் கைவிடும் வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ் 1898 பிப்ரவரியில் 14,499-ஆம் இதழுக்கு அடுத்த நாள் 15,000 என்று எண்ணிட்டது. அந்த 500 இதழ்ப் பிழையை நூறாண்டு கழித்து ஓர் இளம் ஊழியர்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். 2000 ஜனவரி 1-இல் எண்ணைச் சரிசெய்து வாசகரிடம் அதை விளக்கவும் செய்தார்கள். அத்தகைய ஏடே 2017-இல் தன் தனிப் படிதிருத்தப் பகுதியைக் கலைத்தது. ஊழியர்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்தியாவில் தி இந்து 2006-இல் வாசகர் ஆசிரியர் என்ற பதவியை உருவாக்கி, திருத்தங்களுக்கு நாள்தோறும் இடம் ஒதுக்கியது. பிழையை ஒப்புக்கொள்ளும் பத்தி வந்ததால் அந்த ஏட்டின் மதிப்பு குறையவில்லை. தமிழ் ஏடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் வேர்பிடிக்கவில்லை. இணையப் பக்கத்தில் ஓசையின்றி மாற்றிவிட்டுப் போவதே இப்போதைய முறை. மாற்றுவதற்கு முன் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இனி என்ன செய்யலாம்? ஒவ்வொரு பதிப்புக்கும் குறைந்தது இரண்டு பிழைதிருத்துநர்கள் வேண்டும். பக்கத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். அதிகாரமில்லாத புரூஃப் ரீடர் பிழையைப் பார்த்து வருந்த மட்டுமே முடியும். துணை ஆசிரியருக்குரிய ஊதியம் அவர்களுக்கும் வேண்டும். 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் காலத்திலிருந்து அச்சிட்டவர் பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் ஏட்டின் அடியில் போட்டு வருகிறோம். பிழை திருத்தியவர் பெயரையும் அங்கே போட எந்தச் சட்டமும் தடையில்லை.

திருவனந்தபுரத்துத் தமிழர் தாமே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் திருவனந்தபுரம் தமிழ்ச் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்தால், பாறசாலை முதல் காசர்கோடு வரை கேரளத்து ஊர், ஆறு, கோயில், வட்டம் ஆகியவற்றின் பெயர்களுக்கு மலையாள எழுத்தும் தமிழ் எழுத்தும் அருகருகே இருக்கும் ஒரு பட்டியலைத் தயாரித்துவிடலாம். இரு மொழியும் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கரமனையிலும் கோட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் எழுத முடியாத மலையாள ஒலிகளுக்கு ஒரே ஒரு முறையை வகுத்துக்கொள்ள வேண்டும். மூன்று விதமாக எழுதக் கூடாது. பட்டியல் தயாரானதும் நாகர்கோவில், திருநெல்வேலி, சென்னை டெஸ்க்குகளுக்கு அனுப்பி, ஆண்டுக்கொரு முறை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.